கோப்பி மறுத்த வயிறு

முதலில் அதை வலி என்றே நான் நினைக்கவில்லை. விலா எலும்புகள் சேரும் இடத்துக்குக் கீழே, ஒரு விரலால் மறைக்கக்கூடிய இடத்தில் ஓர் எரிவு. காலைச் சாப்பாடு செமித்து, மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் கிடக்கிற இடைவெளியில் வரும். எதையாவது விழுங்கினால் அடங்கிவிடும். அடங்குகிறதே என்று நானும் பேசாமல் இருந்தேன். இதை வாசிக்கிற யாருக்காவது அதே இடத்தில் அதே எரிவு இருந்தால், தயவுசெய்து என்னைப் போல் இருக்காதீர்கள்.

நான் அப்போது கொழும்புக் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரத் தேயிலைக் கம்பனியில் கிளாக்கர். யுத்தம் முடிந்திருந்தது. ஆனால் அரிசியும் சீனியும் இன்னும் கூப்பனுக்குத்தான் கிடைத்தன. வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று ஊரெல்லாம் கதை. எங்கள் கம்பனிக் கந்தோரில் அவன் போகிற அறிகுறி ஒன்றையும் நான் காணவில்லை.

எனக்கு ருசி பார்க்கும் அறையில் வேலை. நீண்ட மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். துரை ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சத்தத்தோடு உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்புவார். துப்பிவிட்டு ஒரு சொல் சொல்வார். அதை நான் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் போன பிறகு மிஞ்சிய சாயத்தையெல்லாம் ஒரு கேத்திலில் ஊற்றிச் சூடாக்கி, கிளாக்கர்மார் நாங்கள் நாள் முழுவதும் குடிப்போம். சும்மா கிடைப்பதை யார் விட்டார்கள்? கறுத்து, நாக்கைப் பிடித்து இழுக்கிற சாயம் அது. துப்பிய துரை நல்ல சுகத்தோடு ஓய்வுபெற்றுத் தன் நாட்டுக்குப் போனார். விழுங்கிய நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் கோப்பி. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்து நானும் தங்கை நேசமும் இருந்தோம். தாய் தகப்பன் இல்லை. நேசம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். விடியப்புறம் மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) சேர்த்து இடித்த தூளில் அவள் போடும் கோப்பியோடு நான் கந்தோருக்கு ஓடிவிடுவேன். சாப்பாடு பல நாள் மறந்தே போகும். கோப்பி ஒருநாளும் மறந்ததில்லை.

பிறகு ஒருநாள் மலம் தார் போலக் கறுத்துப் போனது. கந்தோர்ப் படி ஏறும்போது கண் இருட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேசம்தான் என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே பேரியம் (எக்ஸ்ரேயில் வயிற்றின் உருவம் தெரிவதற்காகக் குடிக்கத் தரும் வெள்ளைக் குழம்பு) குடிக்கவைத்துப் படம் பிடித்தார்கள். சுண்ணாம்பைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது. இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண் என்று டொக்டர் சொன்னார். தமிழ் டொக்டர்தான். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி என்னை விசாரித்தார்.

"விடிய என்ன குடிக்கிறனீர்?"

"கோப்பி."

"பிறகு?"

"கந்தோரிலை தேத்தண்ணி."

"எத்தினை தரம்?"

"எண்ணுறேல்லை, டொக்டர்."

"அப்ப உமக்கு இருக்கிறது வயிறில்லை, சாயப் பீப்பா." அவர் சிரிக்கவில்லை. "இனி ரெண்டும் உமக்கு நஞ்சு. ஒரு மிடறும் கூடாது. திருப்பியும் உள்ளுக்கை ரத்தம் போனா, ஆள் தப்புறது கஷ்டம். விளங்குதோ?"

விளங்கியது. அந்தக் காலத்தில் இந்தப் புண்ணுக்கு வைத்தியம் பாலும் படுக்கையும்தான். மணிக்கணக்குப் பார்த்துப் பால், ஊறவைத்த றஸ்க், பிறகு அல்கலித் தூள் (வயிற்று அமிலத்தைத் தணிக்கும் வெள்ளை மருந்து). மிளகாய் இல்லை, புளி இல்லை. கோப்பியை நிறுத்திய முதல் சில நாள் தலை வெடித்துவிடும் போல் இடித்தது. உங்களுக்கும் இடிக்கும். அது புது நோயல்ல, பழகிய கோப்பியைத் தேடி உடம்பு அழுகிற அழுகை. தானாக ஓய்ந்துவிடும். தலையிடி போனபின் எரிவும் குறைந்தது. ஆக, டொக்டர் சொன்னது சரி என்று முழுதாக நம்பினேன்.

நோயோடு மட்டும் இருந்திருந்தால் இதில் எழுத ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நேசத்தின் கலியாணப் பேச்சு வந்தது.

பேச்சை நேசமே கொண்டுவந்தாள். சிவபாலன் துறைமுகத்தில் கிளாக்கர், வெள்ளவத்தையில் தாயோடு சொந்த வீட்டில் இருக்கிறான். ரெயிலிலே கண்டு பழக்கம். நல்ல பொடியன், எனக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் அவர்கள் எங்களைவிடக் குறைந்த ஆட்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. முணுமுணுப்பைச் சத்தமாகச் சொன்னவர் அப்பாவின் தமக்கை. அவரும் கொட்டாஞ்சேனையில்தான் இருந்தார். அந்த மாமி என் கட்டிலருகே வந்திருந்து கேட்டார்.

"அவையின்ரை வீட்டிலை நாங்கள் வாய் நனைக்கேலுமோ?"

"நான் போறன் மாமி," என்றேன். "போய் வாய் நனைச்சுப்போட்டு வந்து சொல்லுறன்."

வெளியூர் ஆட்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஆட்கள் வாயால் சாதி கதைப்பதில்லை, அவ்வளவு நாகரிகம். கொழும்புக்கு வந்து கோட்டுப் போட்டு, ரெயிலில் யாரோடு என்றாலும் தோள் முட்டப் பயணம் செய்வார்கள். குறைவு என்று தாங்கள் நினைக்கிற வீட்டுக்கும் போவார்கள், கதிரையில் இருந்து சிரித்துக் கதைப்பார்கள். கோப்பி வரும்போது மட்டும் "இப்பதான் குடிச்சனான்" என்பார்கள். அல்லது "வயிறு சரியில்லை" என்பார்கள். வீட்டுக்காரர் கட்டாயப்படுத்தினால் ஓர் இளநீர் கேட்பார்கள். இளநீர் மரத்திலிருந்து வருவது. அந்த வீட்டுச் சட்டி பானையோ கோப்பையோ அதில் படாது. கேட்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் இதெல்லாம் தெரியும். எதுவும் தெரியாத மாதிரி இரண்டு பக்கமும் சிரிக்கும்.

அதனால் பெண் வீட்டிலிருந்து மூத்தவன் போய் அவர்கள் வீட்டில் கோப்பி குடித்தால், பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. நான் போகத்தான் வேண்டும். குடிக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். நோய் வந்திருக்கிறது என்று உள்ளதைச் சொன்னால் போயிற்று என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு ட்ராமில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து கரையோர ரெயிலில் வெள்ளவத்தை போனேன். சிவபாலனின் தாய் வாசலுக்கே வந்து வரவேற்றார். நிமிர்ந்த ஆள், விதவை, குறைவாகக் கதைப்பவர். கதிரைகளுக்கு உறை புதிது. கொஞ்ச நேரத்தில் தட்டத்தில் கோப்பி வந்தது. நீலப்பூப் போட்ட புதுச் சீனக் கோப்பை, கூடவே ஒரு கிண்ணம் நிறையச் சீனி. கூப்பன் காலத்தில் ஒரு கிண்ணம் சீனி என்றால், அந்த வீட்டில் எத்தனை நாள் சீனியில்லாமல் குடித்து மிச்சம் பிடித்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

வாசனை மூக்கில் ஏறியது. வயிற்றுக்குள் அந்த இடம் சுருங்கியது. கறுத்த மலமும் கந்தோர்ப் படியும் நினைவில் வந்தன. உண்மையைச் சொல்லுகிறேன், சாகப் பயமாக இருந்தது.

"குறை நினையாதேங்கோ அம்மா," என்றேன். "எனக்கு வயிறு சரியில்லை."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் பதறிப்போனேன். மறுத்ததைச் சரிக்கட்ட வேண்டும் என்று அங்குமிங்கும் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே முற்றத்தில் செவ்விளநீர் மரம் நின்றது. டொக்டர் எனக்கு அனுமதித்த சிலவற்றில் இளநீரும் ஒன்று. யோசிக்கவேயில்லை.

"ஒரு இளநி கிடைச்சாலும் போதும்," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. சிவபாலன் தலையைக் குனிந்துகொண்டான். தாய் தட்டத்தை மெதுவாகக் கையில் எடுத்தார்.

"எங்கட வாசலுக்கு வந்தா எல்லாருக்கும் வயித்துக்குத்து வாறதுதான் தம்பி. இளநியும் எல்லாரும் கேக்கிறதுதான்." பிறகு மகனைப் பார்த்தார். "ஒண்டு பிடுங்கி வெட்டிக் குடு. அண்ணை களைச்சுப்போய் வந்திருக்கிறார்."

"அம்மா, எனக்கு உண்மையா வருத்தம். ஆஸ்பத்திரியிலை இருந்து வந்தனான். டொக்டர்..."

"ஓம் தம்பி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை.

என் நோயின் பெயரையே மற்றவர்கள் பொய்யாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டிருந்தார்கள். நான் உண்மையாகச் சொன்னபோது அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடிக்காமலும் வரமுடியாது. குடித்தேன். அவ்வளவு கைப்பான இளநீரை நான் பிறகு குடித்ததில்லை.

இரண்டு நாளில் சிவபாலன் நேசத்திடம் சொல்லி அனுப்பிவிட்டான்: அம்மா மாட்டேன் என்கிறா. நேசம் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பால் காய்ச்சினாள், றஸ்க் ஊறவைத்தாள், மருந்துத் தூள் கரைத்துத் தந்தாள். நான்தான் கேட்டேன்.

"நான் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு உனக்குத் தெரியுந்தானே?"

"தெரியும் அண்ணை. எனக்குத் தெரிஞ்சு என்ன?"

அவள் அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மாமி வேறு வந்து, "நல்ல வேலை செய்தாய், மோனை. மரியாதையாச் சொல்லிப்போட்டு வந்திட்டாய்," என்று என் முதுகைத் தடவினார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல் இருந்தது. தட்டிவிட்டேன்.

டொக்டரிடம் போய், எனக்குக் கோப்பி கூடாது என்று ஒரு துண்டு எழுதித் தரும்படி கேட்டுப் பார்த்தேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "லீவெடுக்கச் சேர்ட்டிபிக்கற் குடுத்திருக்கிறன். கோப்பி குடியாமல் விட ஆரும் கேட்டதில்லை." அவர் தர மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துண்டை நீட்டிக்கொண்டு அந்த அம்மாவின் முன்னால் நிற்பதை நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு திரும்ப வெள்ளவத்தைக்குப் போனேன். நேசத்துக்குச் சொல்லவில்லை. சிவபாலன் வீட்டில் இல்லை. கதவைத் திறந்த தாய் என்னை உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

"அம்மா, எனக்கு ஒரு கோப்பி தாங்கோ."

அவர் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "வீட்டிலை சீனி இல்லை."

"பரவாயில்லை."

இந்த முறை நீலப்பூக் கோப்பை வரவில்லை. விளிம்பு உடைந்த இனாமல் கோப்பை, அவர் தினமும் குடிக்கிறது. பாலும் இல்லை, சீனியும் இல்லை. ஆவி பறக்கப் பறக்கக் கறுப்பாக நிறைய ஊற்றியிருந்தார். எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு இருந்தார். நான் மண்டி தெரியும்வரை குடித்தேன். உதடு உடைந்த விளிம்பில் பட்டது. அவர் அதைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம்?"

"ஊத்துங்கோ."

இரண்டாவதையும் குடித்து முடித்தேன். வயிற்றில் தணல் இறங்கியது. கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, "நாள் பாக்கச் சொல்லுங்கோ, தம்பி," என்றார். அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷமல்ல, ஆத்திரம்தான். என்னை அப்படிக் குடிக்க வைத்த மாமியின் மேல், அந்த அம்மாவின் மேல், இனாமல் கோப்பையின் மேல். ரெயிலில் வரும்போது நேசத்தின் முகத்தை நினைத்து ஆத்திரத்தை அடக்கிக்கொண்டேன்.

கலியாணம் நடக்க இருந்த வாரம் நான், நேசம் பால் காய்ச்சுகிற குசினி வாசலில் வாந்தி எடுத்து விழுந்தேன். வாந்தி சிவப்பாக இல்லை. கறுத்து, குருணியாக இருந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் அதற்கு வைத்திருந்த பெயர் "கோப்பித் தூள் வாந்தி" (இரத்தம் வயிற்று அமிலத்தில் ஊறிக் கறுத்துக் குருணியாக வருவது). நேர்ஸ் அதைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி திருப்பிச் சொன்னாள். நான் சிரித்தேனாம். எனக்கு நினைவில்லை.

"குடிச்சனீரோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம்."

"ஏன் காணும்?"

பதில் சொல்லத் தொடங்கினால் அவர் என் சத்திரசிகிச்சையை ஒத்திவைக்க வேண்டியிருந்திருக்கும். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குடலோடு பொருத்தித் தைத்தார்கள். இரத்தம் தேவைப்பட்டது. சிவபாலனின் இரத்தம் பொருந்தியது. கையை நீட்டிக்கொண்டு படுத்தானாம். மாமியிடம் இதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அது ஆஸ்பத்திரிப் போத்தலாலை வாறதுதானே, அதுக்குக் குறையில்லை," என்றாராம். அவருடைய புத்தியை மெச்ச வேண்டும்.

கலியாணம் தள்ளிப்போடப்படவில்லை. வைத்த நாளை மாற்றினால் கூடாது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். நான் மூக்கில் குழாயோடு படுத்திருந்தேன்.

கலியாணம் முடிந்த பிறகு சிவபாலனின் தாய் தனியாக வாட்டுக்கு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். என் வயிற்றில் சுற்றியிருந்த துணியையும், தொங்கிய போத்தலையும், கையில் ஏறிய ஊசியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏன் தம்பி எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான் அம்மா."

சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். அழுதாரா என்று தெரியாது. அழவேண்டும் என்று நான் விரும்பினேன்.

இரைப்பை வெட்டப்பட்டவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பசி பழைய மாதிரி வராது. வயிறு நிறைந்தது என்பதும் பழைய மாதிரி தெரியாது. கொஞ்சம் கூடச் சாப்பிட்டாலோ, இனிப்பாக ஏதும் குடித்தாலோ, அது தங்க இடமில்லாமல் நேரே குடலுக்குள் விழும். உடம்பெல்லாம் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். படுத்துக் கிடந்தால் கொஞ்சத்தில் போய்விடும். சாவு வருகிறது என்று முதல் தடவை நினைப்பீர்கள். வராது.

கந்தோரில் என்னைக் கணக்குப் பகுதிக்கு மாற்றினார்கள். ருசி அறைப் பக்கம் போகும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. அரை வயிறு உள்ளவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மாமியே தேடித் தேடிக் களைத்துப்போனார். பிறகு சிவபாலன் பெரிய உத்தியோகத்துக்கு வந்தபோது மாமி அந்த வீட்டில் சோறே தின்றார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

நான் நேசத்தைப் பார்க்க வெள்ளவத்தைக்குப் போகும்போதெல்லாம், சிவபாலனின் தாய் தன் கையால் நீலப்பூக் கோப்பையில் வெறும் சுடுதண்ணி ஊற்றி, ஒரு சின்னத் தட்டால் மூடிக்கொண்டு வந்து வைப்பார். மற்ற விருந்தாளிகளுக்குக் கோப்பி, எனக்குச் சுடுதண்ணி. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்று. அவர் சாகும்வரை இது நடந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னிக்கவில்லை. சுடுதண்ணியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு வருவேன்.

பிறகு ஒரு வாழ்நாளே போயிற்று. அந்த வீடும் இல்லை, அந்தக் கோப்பைகளும் இல்லை. எந்தக் கலவரத்தில், எப்படிப் போயின என்று கொழும்புத் தமிழருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நேசம் இப்போது வெள்ளவத்தையிலேயே ஒரு தொடர்மாடிப் பிளட்டில் தனியாக இருக்கிறாள். சிவபாலன் காலமாகிவிட்டான்.

போன வருடம் எனக்கு இரத்தம் குறைந்து களைப்பு வந்தது. ஓர் இளம் டொக்டர் வாயால் குழாய் விட்டு உள்ளே பார்த்தார். என் பழைய கதையைக் கேட்டுவிட்டு மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

"ஐயா, இந்தப் புண்ணுக்கு அனேகமாக் காரணம் ஒரு கிருமி. இப்ப குளிசை மருந்தாலை சுகப்படுத்திப்போடுவம்."

"அப்ப கோப்பி?"

"கோப்பி பாவம், ஐயா. எரிவைக் கொஞ்சம் கூட்டியிருக்கும். புண்ணை உண்டாக்கியிருக்காது."

"ரத்தம் போனது?"

"அது கோப்பி குடியாட்டியும் போயிருக்கும். ஒருநாள் முந்தி, ஒருநாள் பிந்தி." அவர் மருந்து எழுதிக்கொண்டிருந்தார். "நீங்கள் அளவாக் கோப்பி குடிக்கலாம். சாப்பாட்டோடை தேத்தண்ணி மட்டும் வேண்டாம். உங்களுக்கு இரும்புச்சத்துக் காணாது, தேத்தண்ணி அதை உடம்பிலை சேர விடாது."

அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது. அவர் என்ன செய்தார், பாவம். அப்படியென்றால் அந்த முதல் ஞாயிறு, நீலப்பூக் கோப்பையில், சீனி போட்டு, சிரித்துக்கொண்டு நான் குடித்திருக்கலாம். வயிற்றில் புண் எப்படியும் இருந்திருக்கும், இரத்தமும் எப்படியும் போயிருக்கும். அந்த அம்மாவின் முகத்தை மட்டும் நான் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

அன்றே நேசத்தின் பிளட்டுக்குப் போனேன். அவள் வழக்கம்போல் சுடுதண்ணிக்குக் கேத்திலை வைக்கப் போனாள்.

"நேசம், கோப்பி போடு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். குசினிக்குள் போனாள். அவள் வரக் கனநேரம் எடுத்தது. கோப்பையை என் கையில் தந்து, எதிரே இருந்தாள்.

குடித்தேன். சீனியை அள்ளிப் போட்டிருந்தாள். அந்தச் சீனியில்லாத இரண்டு கோப்பியின் கதை அவளுக்குத் தெரியும். அதற்கும் சேர்த்துப் போட்டிருக்கிறாள் என்று விளங்கியது. இவ்வளவு இனிப்பு என் உடம்புக்கு ஆகாது என்பதும் முதல் மிடறிலேயே விளங்கியது. வைக்க மனம் வரவில்லை. முழுவதையும் குடித்தேன்.

கொஞ்சத்தில் வியர்த்தது. நெஞ்சு அடித்தது. அவள் என்னைச் செற்றிக் கதிரையில் சாய்த்துப் படுக்கவைத்து, பேப்பரை மடித்து விசிறினாள்.

"கூடாதெண்டாச் சொல்லியிருக்கலாமே, அண்ணை. பாதியிலை வைச்சிருக்கலாமே."

"உங்கட வீட்டிலையோ?" என்றேன்.

அவள் விசிறுவதை நிறுத்தினாள். கீழே கடற்கரை ரெயில் ஒன்று போனது. படபடப்பு எப்போது அடங்கும் என்று என் உடம்புக்குத் தெரியும். மணிக்கூடு எனக்குத் தேவையில்லை. மிச்ச ஆட்களுக்கு ஒரு நாள் என்பது விடிவதும் இருள்வதும். எனக்கு அது ஒவ்வொரு விழுங்கலுக்குப் பிறகும் இப்படிப் படுத்துக் காத்திருப்பது.

"கீழை சந்தியிலை இளநி விக்கிறான்," என்றாள் நேசம். "ஒண்டு வெட்டுவிச்சுக்கொண்டு வரட்டோ?"

"வேண்டாம்," என்றேன். "சுடுதண்ணி தா. கோப்பையிலை."